இடது காலை எங்கே வைப்பது? மேனுவல் வண்டியும் ரோடு இல்லாத பாதையும்

ஜனவரி 6 (கேள்வி)

மேனுவல் கியர் வண்டி வெச்சிருக்கேன். ஃபோர் வீல் டிரைவ், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கூட்டற கியர்) எல்லாம் இருக்கு. எனக்குக் கத்துக்கொடுத்தவர், "ரோடு இல்லாத இடத்துல இடது கால் எப்பவும் கிளட்ச் மேலேயே இருக்கணும், எந்த நிமிஷம் எஞ்சின் நிக்கும்னு தெரியாது"ன்னு சொன்னார். அப்படியேதான் ஓட்டறேன். போன வாரம் கல்லும் மண்ணுமா ஒரு மேடு ஏறி முடிச்சப்ப வண்டிக்குள்ள கருகின வாடை. கூட வந்தவர், "மேனுவல் இதுக்கெல்லாம் சரிப்படாது, ஆட்டோமேட்டிக் வாங்கு"ன்னுட்டார். அண்ணன்மார் யாராவது சொல்லுங்க. தப்பு வண்டியிலயா, என் மேலயா?

ஜனவரி 6, இரவு 9.50

தப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது தம்பி.

கிளட்ச் மேல் வைத்த கால் சும்மா இருக்காது. பாதை குலுக்கினால் உடம்பு குலுங்கும், உடம்போடு கால் குலுங்கும், காலோடு பெடல் இறங்கும். பெடலில் உள்ள ஃப்ரீ பிளே, அதாவது வெறும் ஆட்டம், தீர்ந்ததும் ரிலீஸ் பேரிங் போய், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்த ஆரம்பிக்கும். கிளட்ச் முழுக்க விட்டும் இருக்காது, முழுக்கப் பிடித்தும் இருக்காது. எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்றும், கியர்பாக்ஸ் வேறு வேகத்தில் சுற்றும், நடுவில் பிளேட் உரசிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வந்த வாடை அதுதான்.

லோ ரேஞ்ச், முதல் கியர். கிளட்சை முழுதாக விடுங்கள். இடது காலை எடுத்துத் தரையில் வையுங்கள். வண்டி தானாக நகரும். எஞ்சின் நின்றுவிடுமே என்ற பயம்தான் காலை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. நிற்காது. ஏன் நிற்காது என்று நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

கணக்குப் போட்டால் பயம் போய்விடும், அதனால் கணக்கு.

சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். இப்போதுள்ள தலைமுறையில் 5 கியர் மேனுவல். முதல் கியரின் விகிதம் 4.425, டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ 2.002, ஆக்ஸிலில் உள்ள கிரவுன் கியர் 4.090. மூன்றையும் பெருக்கினால் சுமார் 36. எஞ்சின் 36 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். ஐடிலிங்கில் எஞ்சின் 800 சுற்று என்று வைத்தால், வண்டியின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மனிதன் சாதாரணமாக நடப்பதே 5 கிலோமீட்டர். அதே முதல் கியரில் ஹை ரேஞ்சில், அதாவது ரோட்டில் ஓட்டும் சாதாரண நிலையில் போனால் 6 கிலோமீட்டரை நெருங்கும்.

ரேங்ளர் ரூபிகானின் மேனுவல் இன்னும் ஒரு படி மேலே. டிரான்ஸ்ஃபர் கேஸே 4-க்கு 1, மொத்தம் 84-க்கு 1. ஐடிலிங்கில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத்தான் ஊரும். அப்படிப்பட்ட ஒரு வண்டியை நான் ஓட்டியபோது பக்கத்தில் நடந்து வந்த நண்பர் என்னை முந்திப் போய், திரும்பி நின்று எனக்காகக் காத்திருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இழுவை கூடும். லோ ரேஞ்சின் விகிதம் 2-க்கு 1 என்றால் சக்கரத்தில் அதே தள்ளு கிடைக்க எஞ்சின் பாதி முறுக்கு கொடுத்தால் போதும். அந்தப் பாதிதான் கிளட்ச் வழியாகப் போகிறது, ஆகவே கிளட்சுக்கும் பாதிச் சுமைதான். இன்றைய எஞ்சின்களில் ஐடிலிங் சுற்று குறைந்தால் கம்ப்யூட்டரே எரிபொருளைக் கூட்டி நிமிர்த்திவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஒரு கல்லைத் தாண்டும்போது எஞ்சின் சத்தம் ஒரு நொடி கம்மி, "ம்ம்ம்" என்று மறுபடி எழுவதைக் கேட்கலாம். அந்தக் கம்மலைக் கேட்டதும் பெரும்பாலானோர் கிளட்சை மிதிக்கிறார்கள். மிதிக்காதீர்கள். அதுதான் எஞ்சின் வேலை செய்கிற சத்தம்.

ஜனவரி 7, மாலை

"ஹை ரேஞ்சில் ஏறினேன்" என்று தனியாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வாடைக்கு இரண்டு காரணம்.

நான் ஒரு கிளட்ச் பிளேட்டை முழுதாக எரித்தது ஏற்றத்தில் இல்லை, பின்னால் வந்தபோது. பின்சக்கரம் ஒரு வாய்க்கால் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இரண்டடி பின்னால் வந்தால் வெளியே வந்துவிடலாம் என்று ஹை ரேஞ்ச் ரிவர்ஸிலேயே முயன்றேன். அரை கிளட்ச், ரேஸ், அரை கிளட்ச், ரேஸ். வண்டி அரையடி வந்து மறுபடி உள்ளே உட்காரும். நாலாவது தடவை வாடை. ஏழாவது தடவை பானெட்டின் ஓரத்தில் மெல்லிய புகை. அதற்குப் பிறகு எஞ்சின் உறுமியது, வண்டி அசையவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த வட்டங்கள் இருந்தன. பிளேட்டின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் சின்ன லீவரை லோவுக்கு இழுக்க மூன்று நொடி ஆகியிருக்கும்.

அரை கிளட்ச் என்பது நின்ற இடத்திலிருந்து நகர்த்துவதற்கான ஒரு நொடி வேலை. வண்டியை மேட்டில் பிடித்து வைக்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது. வாடை வந்த உடனே நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு, எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு ஒரு 15 நிமிடமாவது ஆறவிடுங்கள். வாடையோடு தொடர்ந்து ஓட்டினால்தான் பிளேட் போகும்.

ஜனவரி 9

"சரி, மேட்டின் நடுவில் நின்றே போய்விட்டால்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது ஒன்றுதான், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

செங்குத்தான மேடு. முக்கால்வாசி ஏறிவிட்டீர்கள். ஏதோ காரணத்தால் எஞ்சின் நின்றுவிட்டது. கண்ணாடி வழியாக வானம் மட்டும்தான் தெரிகிறது. அந்த நேரத்தில் கால் என்ன செய்யும்? கிளட்சை மிதிக்கும். கை என்ன செய்யும்? கியரை நியூட்ரலுக்குத் தள்ளும். இரண்டும் வண்டியைச் சரிவின் கையில் ஒப்படைக்கிற வேலை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த பிடி அறுந்துவிடும். பிரேக் மட்டுமே மிச்சம். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பூஸ்டர் வெற்றிடத்தில் வேலை செய்வது. எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் அதில் இருப்பு உண்டு. அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் எஞ்சினோடு போய்விடும்.

அதனால் வலது கால் பிரேக்கில், அழுத்தி. ஒரே மிதி, விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். மூச்சு விடுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. இப்போது கிளட்சை மிதித்து லோ ரேஞ்ச் ரிவர்ஸைப் போடுங்கள். கிளட்சை மெதுவாக, முழுதாக விடுங்கள். எஞ்சின் ஓடவில்லை, ஆனால் கியர் விழுந்திருப்பதால் அதன் கம்ப்ரஷன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். வண்டி ஒரு விரற்கடை பின்னால் அமர்ந்து நிற்பது தெரியும். இப்போது கிளட்சைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் மோட்டார் வண்டியைப் பின்னுக்கு நகர்த்தும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிடித்த நொடியிலிருந்து லோ ரிவர்ஸின் வேகத்தில் அதே தடத்தில் இறங்குவீர்கள். கண் பின்கண்ணாடிகளில் இருக்கட்டும்.

சரிவில் வண்டியைத் திருப்பிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். குறுக்கே நின்ற வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து உருளும். ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் வாருங்கள்.

இதை முதலில் சமதரையில் பத்துத் தடவை செய்து பாருங்கள். பிறகு சின்ன மேட்டில். உண்மையான மேட்டில் கை தானாகப் போக வேண்டும், பதற்றத்தில் அங்கே யோசனை ஓடாது.

ஜனவரி 10

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகள் இப்போது நிறைய. கிளட்ச் பெடலுக்கு மேல் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அது அழுந்தினால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். டொயோட்டா டகோமாவின் மேனுவல் ஃபோர் வீல் டிரைவில் அதைத் தற்காலிகமாக ரத்து செய்ய டாஷ்போர்டிலேயே ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். ஜீப் ரேங்ளரின் சில தலைமுறைகளில் லோ ரேஞ்சைப் போட்டாலே கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் எடுக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று சமதரையில், முன்னால் பின்னால் ஆள் இல்லாத இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்காத வண்டியில் வழி இது: பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். லோ ரிவர்ஸ். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கால் பிரேக் இன்னும் அழுத்தத்தில் இருக்க, கிளட்சை மெல்ல விடுங்கள். பிடிக்கும் இடம் வந்ததும் எஞ்சின் சத்தம் சற்றே தாழும். அப்போது பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள். பிரேக் முழுதும் விடுபடும் முன் கிளட்ச் முழுதும் விடுபட்டிருக்க வேண்டும். வரிசை மாறினால் வண்டி பிரேக்கும் இல்லாமல், கியர் பிடியும் இல்லாமல் பின்னால் ஓடும்.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

இறக்கமும் இதே கதைதான். இறங்கும் முன் மேட்டின் உச்சியில் நில்லுங்கள். முடிந்தால் இறங்கி நடந்து பாருங்கள். கியரை அங்கேயே முடிவு செய்யுங்கள். லோ, முதல் கியர், இரண்டு காலும் பெடலை விட்டு வெளியே. எஞ்சினே பிடித்துக்கொண்டு இறக்கும்.

பாதி இறக்கத்தில் பின்பக்கம் ஒரு ஓரமாக ஒதுங்க ஆரம்பித்தால் பிரேக்கைத் தேடுவது இயல்பு. ஆனால் சக்கரம் சுற்றும் வேகத்தைவிட வண்டி வேகமாகச் சறுக்குவதால்தான் அது ஒதுங்குகிறது. பிரேக் போட்டால் சக்கரம் இன்னும் நிற்கும், சறுக்கல் கூடும். ஆக்ஸிலரேட்டரை ஒரு துளி கொடுங்கள். சக்கரம் வண்டியின் வேகத்தை எட்டியதும் பிடி வரும், ஸ்டியரிங் மறுபடி பேச்சைக் கேட்கும். படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும். முதல் தடவை அது வேலை செய்யும்போது தோள்பட்டை தளர்வதை நீங்களே உணர்வீர்கள்.

ஜனவரி 12

ஒரு திருத்தம், இது முக்கியம்.

இறக்கத்தில் எப்போதும் முதல் கியர்தான் என்ற மாதிரி எழுதிவிட்டேன். அது காய்ந்த மண்ணுக்கும் பாறைக்கும் சரி. ஈரப்புல், களிமண், உதிரிச் சரளை என்றால் சரியில்லை. அங்கே முதல் கியரின் எஞ்சின் பிரேக்கிங்கே அளவுக்கு மீறிப் போகும். சக்கரம் நின்றுவிடும், வண்டி பலகை மாதிரி வழுக்கும். லோ இரண்டாம் கியர் போட்டு, தேவைப்பட்டால் பிரேக்கை இறகு தொடுவது போலத் தொட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. முன்பு மழை விட்ட மறுநாள் புல்சரிவு ஒன்றில் லோ முதல் கியரோடு இறங்கி, நாலு சக்கரமும் ஏறக்குறைய நின்ற நிலையில் இருபதடி சறுக்கியிருக்கிறேன். கீழே சமதளம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சறுக்கலை மறந்துவிட்டு மேலே அப்படி எழுதியிருக்கிறேன். எழுதியதை அப்படியே விட்டு, திருத்தத்தை இங்கே போடுகிறேன். மேலே படித்தவர்கள் கீழேயும் படிக்க வேண்டும் என்பதற்காக.

ஜனவரி 12, இரவு

இன்னொன்று. "கிளட்சைத் தொடாதே" என்பதற்கும் விலக்கு இருக்கிறது. முன்சக்கரம் ஒரு பாறைப் படியில் முட்டி நின்றுவிட்டது, வண்டி நகரவில்லை, எஞ்சின் முறுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த முறுக்கு எங்கே போகும்? லோவில் பெருகி, புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸிலும் ஆக்ஸில் ஷாஃப்டிலும் போய் உட்காரும். சக்கரமும் சறுக்க வழியில்லாமல் இறுகி இருந்தால் பலவீனமான இடம் உடையும். அங்கே கிளட்சை மிதித்துவிடுங்கள். பிரேக், கிளட்ச், இறங்கிப் பார்ப்பது, கல் வைப்பது அல்லது வேறு தடம்.

என் விதியை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இடது கால் தரையில். வண்டி நிற்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தபின் கிளட்ச்.

ஜனவரி 15

மணல் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று.

மணலில் மேனுவலின் பலவீனம் வெளியே வரும், ஒளிக்க வேண்டியதில்லை. கியர் மாற்ற கிளட்சை மிதிக்கும் அரை நொடியில் சக்கரத்துக்குப் போகும் சக்தி அறுந்துபோகும். தார் ரோட்டில் அந்த அரை நொடி வண்டி உருளும். மணலில் உருளாது, மணல் பிடித்து நிறுத்திவிடும். அடுத்த கியர் விழுந்து கிளட்ச் விடும்போது வண்டி நின்றிருக்கும், நீங்கள் பெரிய கியரில் இருப்பீர்கள், சக்கரம் குழி தோண்டும். ஆகவே மணலில் கியர் மாற்றும் யோசனையே வேண்டாம். உறுதியான தரையில் நின்று, லோ இரண்டில் கிளம்பி, மணலைத் தொடும் முன் மூன்றைப் போட்டு, அந்த மூன்றிலேயே கடந்துவிடுங்கள். திணறுகிறது என்று தெரிந்தால் கியரைக் குறைக்கலாமா என்று யோசிக்காமல், சக்கரம் தோண்ட ஆரம்பிக்கும் முன் காலை எடுத்து நின்றுவிடுங்கள். பிரேக் வேண்டாம். பிரேக் போட்டால் நாலு டயருக்கு முன்னாலும் மணல் மேடு கட்டிவிடும், அதை ஏறித்தான் மறுபடி கிளம்ப வேண்டும். வந்த தடத்தில் ரிவர்ஸில் பின்வாங்கி மறுபடி வாருங்கள். தடம் ஏற்கனவே அமுங்கி இறுகியிருக்கும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதல் வேலை காற்று இறக்குவது. ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலில் 18. டயர் அகலமாகிறது என்று பலர் சொல்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் படியும் நீளம்தான் நன்றாகக் கூடும். எடை பரவும், புதைவது குறையும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழல வாய்ப்பு உண்டு, அதனால் அங்கே ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. வெளியே வந்ததும் காற்றை நிரப்பிவிட்டுத்தான் ரோட்டில் வேகம் எடுக்க வேண்டும். கம்ப்ரசர் கையில் இல்லாமல் காற்று இறக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் சிபாரிசு செய்த அந்த நண்பருக்கு இந்த இடத்தில் நியாயம் செய்ய வேண்டும். மணலில் ஆட்டோமேட்டிக் மேல். கியர் மாறும்போது சக்தி அறுவதில்லை, டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது) நின்ற நிலையிலிருந்து வழுவழுவென்று தள்ளும், எரிவதற்குக் கிளட்ச் பெடலும் இல்லை. அதற்கு ஈடாக அதன் ஆயில் சூடாகும், அதைக் கவனிக்க வேண்டும். நீண்ட செங்குத்து இறக்கத்தில் மேனுவலின் பிடி எனக்குப் பிடிக்கும்; எஞ்சினும் சக்கரமும் நேராகக் கோத்திருக்கின்றன, இடையில் நழுவ எதுவும் இல்லை. பேட்டரி படுத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். இரண்டில் எது உயர்வு என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உங்களிடம் இருப்பது மேனுவல், அதை நன்றாக ஓட்டலாம்.

ஜனவரி 16

சின்ன விஷயம், மறந்துவிடுவேன் என்று இப்போதே எழுதுகிறேன். ஸ்டியரிங் வளையத்துக்குள் கட்டைவிரலைக் கோத்துப் பிடிக்காதீர்கள். முன்சக்கரம் கல்லில் அடித்தால் வளையம் வெட்டித் திரும்பும், குறுக்குக் கம்பி விரலில் அடிக்கும். பவர் ஸ்டியரிங் இதை நிறையக் குறைத்திருக்கிறது, முழுக்கத் தீர்க்கவில்லை. எனக்கு விரல் உடையவில்லை, பதினைந்து நாள் வீங்கி இருந்தது. கட்டைவிரல் வளையத்தின் மேலேயே கிடக்கட்டும்.

ஜனவரி 19

தண்ணீர்.

ஓடையில் இறங்கும் முன் கழியை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். நடக்கப் பயமாக இருக்கும் ஓட்டத்தில் வண்டியும் போகக் கூடாது. கம்பெனி சொல்லும் ஆழம் ஒன்று இருக்கும். ஜிம்னிக்கு 300 மில்லிமீட்டர், பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 500, புதிய டிஃபெண்டருக்கு 900 வரை. இவை தேங்கி நிற்கும் தண்ணீருக்கானவை என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஓடும் தண்ணீருக்கு அதில் பாதி கூட அதிகம்.

மேனுவலுக்கென்று இங்கே ஒரு தனி விதி: தண்ணீருக்குள் கிளட்சை மிதிக்காதீர்கள். கிளட்ச் இருக்கும் உறை முழுக்க நீர் புகாதபடி அடைக்கப்பட்டது இல்லை. பிளேட் இறுகப் பிடித்திருக்கும் வரை நடுவில் தண்ணீர் போக வழி குறைவு. மிதித்தால் பிளேட்டும் ஃபிளைவீலும் விலகும், அந்த இடைவெளியில் நீரும் வண்டலும் போகும். பிறகு விட்டால் வழுக்கும். பழைய லேண்ட் ரோவர்களில் அந்த உறையின் அடியில் உள்ள துளைக்கு ஒரு தனித் திருகாணியே கொடுத்தார்கள். ஆழத் தண்ணீரில் இறங்கும் முன் அதைத் திருகி மூட வேண்டும், வெளியே வந்தபின் கழற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் கசியும் ஆயில் வெளியேற வழியில்லாமல் கிளட்சிலேயே போய்ப் படியும்.

ஆகவே கரையிலேயே லோ இரண்டு அல்லது ஒன்று, பிறகு அக்கரை வரை அதே கியர், அதே சீரான வேகம். முன்னால் ஒரு அலை வில் மாதிரி வளைந்து போகும். அதை முந்தவும் கூடாது, அது நம்மைத் திரும்பி வந்து பிடிக்கவும் விடக் கூடாது. அந்த வில்லுக்குப் பின்னால் பானெட் பக்கம் தண்ணீர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். இழுத்து வெளியே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, நிறையப் பேர் கவனிப்பதில்லை. நீண்ட தூரம் ஓடிய சூட்டோடு நேரே தண்ணீரில் இறங்கினால் ஆக்ஸில் ஹவுசிங் சட்டென்று குளிரும், உள்ளே உள்ள காற்று சுருங்கும். பிரீதர், அதாவது ஆக்ஸிலின் காற்றுத் துளை, அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரவுன் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பாலில் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

ஜனவரி 20

லோ லீவர் விழவில்லை என்று ஒருவர். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, சின்ன லீவரை ஒரே மூச்சில் இழுங்கள். பாதியில் தயங்காதீர்கள். அப்போதும் விழவில்லை என்றால் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கின்றன. வண்டியை ஒரு சாண் உருளவிட்டு மறுபடி முயலுங்கள். முறுக்கி இழுக்க வேண்டாம்.

அந்த லீவருக்கு நடுவில் ஒரு நியூட்ரல் உண்டு, அதைப் பற்றி எச்சரிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் நின்றுவிட்டால், கியர்பாக்ஸில் முதல் கியர் போட்டு நிறுத்தினாலும் அது சக்கரத்தைப் பிடிக்காது. வண்டி உருளும். "கியரில் போட்டுத்தானே இறங்கினேன்" என்று சொல்லும்படி ஆகும். மேட்டில் இறங்கும் முன் ஹேண்ட் பிரேக் இழுத்து, கியர் போட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி கியரில் அமர்கிறதா என்று பாருங்கள், பிறகு இறங்குங்கள். சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் உள்ளவர்களுக்கு ஒரு வரி: அதில் சென்டர் டிஃப்ரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் நாலு சக்கர ஓட்டத்தோடு திருப்பினால் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் உள்ளே முறுக்கு ஏறும், லீவர் இறுகிக்கொள்ளும். கொஞ்சம் நேராகப் பின்னால் வந்தால் இளகும். மண்ணுக்கு வந்தபின் போடுங்கள், ரோடு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 2 (கேள்வி கேட்டவர்)

அண்ணா, ஞாயித்துக்கிழமை அதே மேடு. லோ, முதல் கியர், கால் தரையில. முதல் கல்லுல எஞ்சின் கம்மினப்ப கால் தானா கிளட்சுக்குப் போச்சு, இழுத்துத் திரும்ப வெச்சேன். ரெண்டாவது தடவை போகல. வாடை வரல. ரிவர்ஸ் ஸ்டார்ட் சமதரையில பன்னிரண்டு தடவை பண்ணிட்டேன். என் வண்டியில கிளட்ச் மிதிக்காம செல்ஃப் எடுக்கல. ஒரு சந்தேகம்: மேடு முடியற இடத்துல ஒரு படி மாதிரி இருக்கு. அங்க மட்டும் சக்கரம் சுத்துது, ஏற மாட்டேங்குது. ரேஸ் கொடுத்தா ஏறிடுமா?

பிப்ரவரி 2, இரவு

கால் தானாகப் போனது, நீங்கள் இழுத்துத் திரும்ப வைத்தீர்கள் என்று படித்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கு அது பழக இரண்டு மாதம் ஆனது.

ரேஸ் கொடுத்தால் ஏறாது. சக்கரம் சுற்றுகிறது என்றால் அங்கே பிடி இல்லை, சக்திக்குக் குறைவில்லை. வேகமாகச் சுற்றினால் மண்ணைப் பறித்துப் படியை இன்னும் உயரமாக்கும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பிடி கிடைத்தால் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு அடி.

டிஃப் லாக் (ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுவது) இருந்தால் படிக்கு முன்பே போடுங்கள், சுற்ற ஆரம்பித்தபின் வேண்டாம். இல்லையென்றால், எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று வெளியே நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குறுக்குக்குறுக்காக ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் லேசாகிக் கிடக்கும். சாதாரண டிஃப்ரன்ஷியல் லேசான பக்கத்துக்கே சுற்றை அனுப்பும். படியை இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் தொடுகிறதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதையும் அவரே பார்க்கட்டும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும்படி கொஞ்சம் சாய்வாக அணுகினால் பல படிகள் ஏறிவிடும், ஆனால் மேட்டின் சரிவு கூடுதலாக இருந்தால் சாய்வாகப் போவது ஆபத்து. உங்கள் மேட்டில் அது சமதளத்தை ஒட்டி இருக்கிறதா, சரிவிலேயே இருக்கிறதா? சரிவிலேயே என்றால் நேராகத்தான் போக வேண்டும், படியின் அடியில் கல் அடுக்கிச் சரிவாக்கிவிடுங்கள். டயர் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். டயர் கல்லின் விளிம்பில் மடிந்து பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 11

நீங்கள் அனுப்பிய மேட்டின் படம் பார்த்தேன். படி சரிவிலேயே இருக்கிறது, சாய்வாகப் போக வேண்டாம். வலது முன்சக்கரத்துக்குக் கீழே மண் பறிந்து ஒரு முழ ஆழம் ஆகியிருக்கிறது, பிரச்சினை அங்கேதான். தட்டையான கல் மூன்று, பெரியது அடியில், கையால் ஆட்டிப் பார்த்து ஆடாதபடி வையுங்கள். நீங்கள் வண்டியில் ஏறும் முன் கல் வைத்தவர் விலகி மேல்பக்கம் போய் ஓரமாக நிற்கட்டும். வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். லோ ஒன்று, காற்று 20. எஞ்சின் கம்மும், கம்மட்டும்.

திரும்பி வரும்போது அந்தக் கற்களை எடுத்து ஓரத்தில் போட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர் வேறு வேகத்தில் வருவார்.